வேலிக்கு ஆள் பார்த்த அத்தை

கல்யாண வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள், பெண்ணின் கழுத்தைப் பார்ப்பார்கள், பந்தியில் பாயசம் உண்டா என்று பார்ப்பார்கள். அத்தை பந்தல்காலைப் பார்ப்பாள். வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டுகிறவர்களைக்கூடக் கவனிக்காமல், ஓரத்துக் கால் ஒன்றை வலது கையால் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுவாள். ஆடாவிட்டால் பேசாமல் உள்ளே போய்விடுவாள். ஆடினால், "இத யாரு போட்டது?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

என் நாத்தனார் கல்யாணத்தில் முகூர்த்தக்காலையே பிடித்து ஆட்டிவிட்டாள். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நேரம் பார்த்து நட்ட கால். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, நல்ல காரியம் நடக்கற எடத்துல இன்னா வேல இது?"

"நல்ல காரியம்னுதான் ஆட்டிப் பாத்தேன்" என்றாள் அத்தை.

கூட்டி வந்தவள் நான் என்பதால் என் மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாரம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

அவள் எனக்குச் சொந்த அத்தை இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்டு வந்தது கடலூர் முதுநகருக்கு. எங்களுக்கு அடுத்த வீடு அவளுடையது. அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, எல்லாருக்கும் அவள் அத்தை. அவள் புருஷன் எல்லாருக்கும் மாமா. பிள்ளை இல்லை.

மாமா துறைமுகத்தில் தோணித் தண்டலாக இருந்தவர். கடலூரில் கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளித்தான் நிற்கும். சரக்கைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். அப்படி ஒரு தோணிக்கும் அதில் இருக்கிற ஆட்களுக்கும் பொறுப்பானவர் தண்டல். துறைமுகத்தில் சங்கு ஊதினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிற உத்தியோகம். அத்தை அதைப் பற்றி ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. எழுந்து போனவருக்கு மீன் துண்டை எடுத்து மூடி வைப்பாள், அவ்வளவுதான்.

எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் அத்தை நம்ப மாட்டாள். மீன்காரி கூடையை இறக்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். பானை வாங்கினால் சுண்டுவாள். ஒரு தடவை நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு போய் நின்றேன். நன்றாயிருக்கிறது என்று சொல்வாள் என்று பார்த்தால், முந்தானையைப் பிடித்து இழுத்து நூல் பிரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் இந்தக் கம்பு ஆட்டுகிற பழக்கம் பிறவிக் குணம் இல்லை. அது மாமாவுக்கு வந்த வினையால் வந்தது.

மாமாவுக்குக் கிழ வயது ஒன்றும் ஆகிவிடவில்லை. தோணி வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே புத்தி தடம் மாற ஆரம்பித்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு கிழமைகள். பிறகு ஒரு மத்தியானம் சங்கு ஊதியதும், கையில் ஒட்டிய சோற்றோடு எழுந்து, தோட்டத்து வழியாக நடந்தார். அவர்கள் வீட்டுத் தோட்டம் சரிந்து கொண்டே போய் உப்பனாற்றில் முடியும். நடுவில் ஒரு தடுப்பும் கிடையாது. முன்னொரு காலத்தில் மட்டை வேலி இருந்து, புயலில் போய்விட்டதாம்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆட்கள் அன்றைக்குக் கூட்டி வந்து விட்டார்கள். அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. தெருப் பக்கம் போனால் பயமில்லை, யாராவது கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். ஆற்றுப் பக்கம்தான் பயம். வீட்டுக்குள் வைத்துப் பூட்டினால் மூச்சு முட்டுகிறது என்று கதவில் தலையை மோதிக்கொண்டார். சிதம்பரத்து டாக்டர் ஒருவரிடம் காட்டினார்கள். இதற்கு மருந்து இல்லை, காற்றாட உட்கார வையுங்கள், தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அத்தை கையில் மிச்சமிருந்தது ஒரே காரியம்தான். தோட்டத்துக்கு ஒரு நல்ல வேலி போட வேண்டும். அதற்கு நம்பகமான ஆளாகப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஆள் பார்க்கப் போன இடத்திலெல்லாம் ஆட்டுக்காக வேலி என்றுதான் சொன்னாள். "தெருவு ஆடு பூராவும் என் தோட்டத்துலதான் மேயுது" என்பாள். எங்கள் தெருவில் இருந்ததே இரண்டு ஆடு. புருஷனுக்குப் புத்தி சரியில்லை என்று முன்பின் தெரியாதவனிடம் சொல்ல எந்தப் பெண்ணுக்குத்தான் வாய் வரும்.

முதலில் வந்தவர் திருப்பாதிரிப்புலியூர் கண்ட்ராக்டர். கையில் கடிகாரம், சட்டைப் பையில் இரண்டு பேனா. தோட்டத்தைப் பார்க்காமல் அத்தையின் முகத்தையே பார்த்துப் பேசினார்.

"நீங்க கண்ண மூடிக்கங்கக்கா. தெறக்கறதுக்குள்ள வேலி நிக்கும்."

"நான் எதுக்குக் கண்ண மூடணும்?"

"பேச்சுக்குச் சொல்றேன்கா. நீங்க கவலையே படாதீங்க."

அவர் போன பிறகு அத்தை என்னிடம் சொன்னாள். "கவலப்படாத, கவலப்படாதன்னு எத்தினி வாட்டி சொன்னான் பாத்தியா. எனக்கு அதான் கவலையா இருக்குது." அந்த ஆளை அத்தோடு விட்டுவிட்டாள்.

அடுத்தவர் மேல்பட்டாம்பாக்கத்து ஆள். தான் கட்டிய வேலி ஒன்றை நெல்லிக்குப்பத்தில் வந்து பார்க்கும்படி சொன்னார். வலை உலர்த்துகிற ஆள் ஒருவனை மாமாவுக்குக் காவல் வைத்துவிட்டு, அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள். ஆனால் நெல்லிக்குப்பத்தில் இறங்கவில்லை.

"அவன் காட்டறது நல்லாத்தான் இருக்கும். அவன் காட்டாதது எங்க இருக்குன்னு பாக்கணும்" என்றாள்.

மேல்பட்டாம்பாக்கத்தில் இறங்கி, டீக்கடையில் விசாரித்து, ஒரு வாழைத் தோட்டத்தைக் கண்டுபிடித்தோம். வேலி பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. அத்தை ஒரு கம்பைப் பிடித்து ஆட்டினாள். அது அவள் கையோடு வந்துவிட்டது. திரும்பக் குழிக்குள் வைத்தால் நிற்கவில்லை, சாய்ந்துகொண்டே போனது. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக்காரர் வந்துவிட்டார்.

"யாரும்மா அது, வேலியப் புடுங்கறது?"

"புடுங்கலீங்க. தொட்டேன், வந்துடுச்சி" என்றாள் அத்தை, கம்பைக் கையில் பிடித்தபடி.

சண்டைக்கு வருவார் என்று நான் நினைத்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பாவிய எங்கனா பாத்தீங்கன்னா, நான் தேடறேன்னு சொல்லுங்கம்மா" என்றார். ரயிலில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

"நீ சிரிக்கற. என் கைக்கே வந்துடுச்சி அது. அவரு கைக்கு எத்தினி நேரம் நிக்கும்?"

அதன் பிறகு நானும் சிரிக்கவில்லை.

அத்தையோடு ஆள் பார்க்கப் போனது எத்தனை ஊருக்கு என்று எனக்கே நினைவில்லை. என் வீட்டுக்காரர், "இன்னிக்கு யார் வேலிக்குப் போறீங்க?" என்று கேலி செய்வார். ஊரிலிருந்த ஆம்பிளைகள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மதில் சுவர் எழுப்பு என்றார் ஒருத்தர். உப்புத் தண்ணீரில் செங்கல் பொரிந்துபோவதை அவர் வீட்டிலேயே போய்ப் பார்க்கலாம். காலில் சங்கிலி போடு என்று ஒருத்தர் சொன்னார். அத்தை அவரோடு பேச்சையே நிறுத்திக்கொண்டாள்.

அந்த நாட்களில் மத்தியானம் கண்ணயரும்போது தன் முந்தானை நுனியை மாமாவின் மணிக்கட்டில் முடிந்து வைத்துக்கொள்வாள். முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதும்தான் மாமா காலமெல்லாம் செய்த வேலை. அவர் மனைவி பெயரை மறந்தார், முடிச்சை மறக்கவில்லை. ஒரு நாள் அத்தை விழித்துப் பார்த்தபோது முந்தானை தனியாகக் கிடந்தது. தோட்டத்து வழியாக வலைக்காரன் ஒருவன் கத்திக்கொண்டே ஓடி வந்தான்.

"அத்த, தண்டலு ஆத்துல நிக்கறாரு. தோணி வருதாம். கூப்ட்டா வர மாட்றாரு."

சத்தம் கேட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். மாமா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, செத்துப்போன தோணிக்காரர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை புடவையோடு தண்ணீரில் இறங்கினாள். கையைப் பிடித்து இழுக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "கப்பலு நாளைக்குத்தானாம். இப்பதான் சொல்லி அனுப்புனாங்க" என்றாள். மாமா அவள் கூடவே கரையேறி வந்தார். வீட்டுக்குள் போனதும் மாமாவின் ஈர வேட்டியை மாற்றிவிட்டாள், தன் புடவையை மாற்ற அத்தைக்குத் தோன்றவில்லை. நான் போட்டுக் கொடுத்த காப்பியைத் தொடக்கூட இல்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலி கட்டுகிற சிதம்பரத்து ஆளைக் கண்டுபிடித்தது அதற்கு அடுத்த வாரம். சிதம்பரத்தில் ரயிலடிக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு வீட்டுப் பூந்தோட்டத்துக்கு அவர் கட்டிய சவுக்குக் கம்பு வேலி இருந்தது. மூன்று மழையைப் பார்த்த வேலி என்றார்கள். அத்தை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒவ்வொரு கம்பாக ஆட்டிக்கொண்டே போனாள். ஒன்றுகூட அசையவில்லை. அந்த வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"வேலி கட்டறதுக்கு ஆள் பாக்கறோம்" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். மேல்பட்டாம்பாக்கம் எனக்கு ஞாபகத்தில் இருந்தது.

அத்தை அந்த அம்மாவிடம் கேட்ட கேள்வி வேறு. "இந்த ஆளு உங்களுக்கு இன்னா தப்பு பண்ணாரு?"

அந்த அம்மா யோசித்தாள். "தப்புன்னா, மூலையில ஒரு கம்பு மொத மழைக்கே சாஞ்சிடுச்சி."

"அப்புறம்?"

"சொல்லி அனுப்பலாம்னு இருந்தோம். அதுக்குள்ள அவரே வந்துட்டாரு. மழை முடிஞ்சா, கட்டுன வேலியெல்லாம் ஒரு நடை வந்து பாப்பாராம். புடுங்கிட்டு வேற நட்டுக் குடுத்துட்டுப் போனாரு."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை மாதத்தில் அவள் முகம் தெளிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "தப்பு பண்ணாத ஆளு கெடைக்க மாட்டான். திரும்பி வர்ற ஆளு கெடைச்சாப் போதும்" என்றாள்.

அந்த ஆள் கடலூருக்கு வந்து இடம் பார்த்தார். வெற்றிலைச் சிவப்பு வாய். எதற்கெடுத்தாலும் அலுத்துக்கொள்வார். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வேலை நடக்கிறது, அது முடியாமல் இன்னொன்றில் கை வைக்க மாட்டேன், அவசரம் என்றால் வேறு ஆள் பாருங்கள் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார். அத்தை காத்திருப்பதாகச் சொன்னாள்.

"சவுக்குக் கம்புதான். அடியில தார் பூசிடுவேன். தேங்கா நாருக் கயித்துல கட்டு" என்றார்.

"கயிறு வேணாம்" என்றாள் அத்தை.

"கம்பி போட்டா இந்த உப்புக் காத்துக்கு ஒரு வருசத்துல துருப்புடிச்சி உதுந்துடும்கா. கயிறுதான் தாங்கும்."

"கயிறு அவுந்துடும்."

"நான் போட்ட முடிச்சி அவுறாது. ஆடு இன்னா, முடிச்சி அவுக்குதா?"

அவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். தென்னை மரத்தடியில் மாமா உட்கார்ந்திருந்தார். கிணற்றுக் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். கண் ஆற்றின் மேல் இருந்தது. அந்த ஆள் கொஞ்ச நேரம் மாமாவையே பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, குரலைத் தணித்துக் கேட்டார்.

"அக்கா, இத மட்டும் சொல்லிடுங்க. வெளிய இருக்கறது உள்ள வரக் கூடாதா, உள்ள இருக்கறது வெளிய போகக் கூடாதா? அதுக்கு ஏத்த மாதிரிதான் கட்டணும்."

"உள்ள இருக்கறது" என்றாள் அத்தை. சொல்லிவிட்டுத் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பக் குறுக்குக் கம்பும் கட்டும் வெளிப்பக்கம் போட்டுடறேன். உள்ள இருந்து கால் வெச்சி ஏற முடியாது, கையும் எட்டாது" என்றார் அவர். அலுத்துக்கொள்ளாமல் அவர் பேசியது அது ஒன்றுதான்.

ஆடி மாதம் இடம் பார்த்துவிட்டுப் போனவர், ஆவணி முடிவதற்குள் வந்துவிட்டார். ஆற்று மண்ணை ஆழமாகத் தோண்டி, தார் பூசிய கம்புகளை நெருக்கமாக நட்டு, கல் போட்டு இடித்தார். வேலை முடிந்த அன்று கையைக் கழுவிக்கொண்டு, "ஆட்டிப் பாருங்கக்கா" என்றார். அத்தை ஆட்டினாள். ஒவ்வொரு கம்பாக, விடாமல். கடைசிக் கம்புக்கு வந்தபோது பல் தெரியச் சிரித்தாள். எனக்கும் ஏதோ நாங்களே கட்டிய மாதிரி பெருமையாக இருந்தது. ஊரெல்லாம் அலைந்து ஒரு நல்ல ஆளைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது துறைமுகத்தில் சங்கு ஊதியது.

மாமா வீட்டுக்குள்ளிருந்து வந்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, வழக்கமான வழியிலேயே வேகமாக நடந்து வந்து, வேலி முன்னால் நின்றார். ஒரு கம்பைப் பிடித்து ஆட்டினார். அடுத்ததை ஆட்டினார். அத்தை போன மாதிரியே ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒவ்வொன்றாக ஆட்டிக்கொண்டே போனார். பிறகு அத்தையைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏம்மா, இத யாரு கட்டுனது?" என்று கேட்டார். வழியில் போகிற அந்நியப் பெண்ணிடம் கேட்கிற மரியாதையோடு கேட்டார். "கொஞ்சம் வழி வுடச் சொல்லும்மா. கப்பலு வந்துடுச்சி. ஆளுங்க காத்துக்குனு இருப்பாங்க."

"கப்பலு நாளைக்குத்தானாம்" என்றாள் அத்தை.

"சங்கு ஊதுதே" என்றார் மாமா.

சிதம்பரத்து ஆள் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்களிடம் சொல்லிக்கொள்ளாமலேயே போய்விட்டார்.

அந்த மழைக்காலம் முழுவதும் மாமா தண்ணீரில் இறங்கவில்லை. அந்த மட்டும் வேலி சொன்னதைச் செய்தது. மழையிலும் அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. சங்கு ஊதினாலும் ஊதாவிட்டாலும் போய்க் கம்பை ஆட்டுவார். கோபம் கிடையாது, கத்தல் கிடையாது. எல்லாக் கம்பையும் ஆட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அத்தை குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். எங்கள் வீட்டு அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். நான் அந்த ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன்.

தை பிறந்ததும் சிதம்பரத்து ஆள் வந்தார். சொல்லி அனுப்பாமலேயே, அந்தப் பூந்தோட்டத்து அம்மா சொன்ன மாதிரி. என்னையும் கூப்பிட்டாள் அத்தை. மாமா நடுவில் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இப்போது அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தார். கைபட்டுக் கைபட்டு அதன் பட்டை உரிந்து வழவழப்பாகிவிட்டிருந்தது. அவர் ஆட்டும்போது அது ஆடியது. கொஞ்சம்தான், ஆனால் ஆடியது. ஒவ்வொரு தடவை ஆடும்போதும் மாமாவின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது.

"மழைக்கு மண்ணு எளகிடுச்சி. இத எடுத்துட்டு வேற நட்டுக் குடுத்துடறேன்கா" என்றார் அந்த ஆள்.

"வேணாம்" என்றாள் அத்தை.

கல்யாணத்தில் முகூர்த்தக்காலை ஆட்டிப் பார்த்தவள் சொல்கிறாள். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"அது ஆடறதாலதான் ரெண்டு வாய் சோறு துன்றாரு. நாளைக்கு வந்துடும், நாளைக்கு வந்துடும்னு சொல்லிக்கினே துன்றாரு. அது ஆடட்டும்."

"ஆடுனா ஒரு நா கையோட வந்துடும்கா."

"தெரியும். அதான் உன்னக் கேக்கறேன். ஆடணும், ஆனா வரக் கூடாது. அந்த மாதிரி ஒண்ணு நட்டுக் குடு."

அவர் குழியைக் குனிந்து பார்த்தார். கம்பின் அடியைத் தடவினார். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எனக்கு அப்பிடி நடத் தெரியாதேக்கா" என்றார்.

அத்தை அவரைக் குறை சொல்லவில்லை. வேறு ஆள் பார்க்கிறேன் என்றும் சொல்லவில்லை. மாமாவுக்குப் பக்கத்தில் போய், அந்தக் கம்பைத் தானும் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அவர் ஆட்டினார். அது ஆடியது. அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.